இளம் அறிஞர் ஜாக் எர்பிரான்

கணிப்பொறி இயல் பயிலும் நம் நண்பர்கள் எர்பிரான் என்னும் பெயரைப் பாடநூலில் கண்டிருப்பார்கள். எர்பிரான் உலகம், எர்பிரான் தளம், எர்பிரான் தேற்றம் என்று ஒரே பக்கத்தில் மூன்று முறை அது வரும். ஆங்கில வழியில் படிப்பவர்கள் ஹெர்பிராண்டு என்று ஒலிப்பார்கள். பிரெஞ்சு மக்கள் முதலெழுத்தையும் கடையெழுத்தையும் விழுங்கிவிடுவார்கள். தேர்வுக்கு முந்திய இரவு நெட்டுருப் போட்டு, தேர்வு முடிந்த மாலையே மறந்துபோகும் பெயர்களில் இதுவும் ஒன்று. அந்தப் பெயருக்கு உரியவர் இவ்வுலகில் இருந்தது இருபத்து மூன்றே ஆண்டுகள் என்பதைப் பாடநூல் சொல்வதில்லை. இதை எழுதுகின்ற எனக்கும் அதே வயதுதான். ஆகையால் அவருடைய வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

ஜாக் எர்பிரான் 1908ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார். தந்தையார் பழைய ஓவியங்களை வாங்கி விற்கும் வணிகர். பிள்ளைக்கோ ஓவியத்தில் நாட்டம் செல்லவில்லை, கணிதத்தில் சென்றது. பாரிசில் எக்கோல் நார்மால் என்றொரு உயர்கல்விக் கழகம் உண்டு. பிரெஞ்சு நாட்டின் பெரும்பாலான கணித அறிஞர்கள் அதன் வாயில் வழியாக வந்தவர்களே. அதில் நுழைவதற்கு நாடு முழுவதிலுமிருந்து மாணவர்கள் போட்டியிடுவார்கள். 1925இல், பதினேழாம் வயதில், எர்பிரான் அத்தேர்வில் முதல்வராகத் தேறினார். 1928இல் ஆசிரியத் தகுதிக்காக நடந்த அக்ரெகாசியோன் தேர்விலும் முதலிடம் அவருக்கே. குளோது செவாலே என்ற கணித மாணவர் அவருக்கு நெருங்கிய தோழர். பின்னாளில் பூர்பாக்கி என்னும் புனைபெயரில் நூல்கள் எழுதிய குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். மெய்யியல் பயின்ற ஆல்பர் லோட்மான் இன்னொரு தோழர். அவரை 1944இல் ஜெர்மானியப் படையினர் சுட்டுக் கொன்றனர்.

இத்தனைத் தேர்வுகளிலும் முதல்வராக வந்த ஒருவர் எந்தத் துறையைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் வரவேற்பு இருந்திருக்கும். அவரோ, வரவேற்பே இல்லாத ஒரு துறையைத் தேர்ந்தார். அது கணிதத் தருக்கம். அக்காலத்துப் பிரான்சில் தருக்கத்திற்கு மதிப்பில்லை. பெரும்புலவர் புவான்காரே அதனை எள்ளி நகையாடிவிட்டுப் போயிருந்தார். அதில் ஈடுபட்டிருந்த கூட்டுரா 1914இலும், நிக்கோ 1924இலும் இறந்துவிட்டார்கள். கற்பிக்க ஆளில்லை, கேட்டு மதிப்பிடவும் ஆளில்லை. வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் வெசியோ வேறு துறையினர். எர்பிரான் தாமே படித்தார், தாமே எழுதினார். 1929ஆம் ஆண்டு வசந்த காலத்திலேயே, இருபத்தோராம் வயதில், ஆய்வேடு முடிந்துவிட்டது. பிறகு ஓராண்டு கட்டாயப் படைப்பணி. 1930 ஜூனில்தான் பட்டத்திற்கான வாய்மொழித் தேர்வு நடந்தது. அவ்வேடு அச்சானது பாரிசில் அன்று, போலந்து நாட்டின் வார்சாவில். தருக்கம் தழைத்திருந்த இடம் அப்போது அதுதான்.

அந்த ஏட்டில் என்ன இருந்தது? அதைச் சொல்லாமல் எர்பிரான் வரலாற்றைச் சொல்வது உப்பில்லாப் பண்டமாகும். ஆகவே நண்பர்கள் சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகிறேன்.

கணிதத்தில் மிகுதியான தொல்லை தரும் சொல் எல்லாம் என்னும் சொல். எல்லா எண்களும், எல்லாக் கோடுகளும், எல்லாப் புள்ளிகளும் என்று நாம் தயக்கமின்றி எழுதுகிறோம். ஆனால் எண்கள் முடிவற்றவை. முடிவற்ற ஒன்றை முழுதும் பார்த்தவர் யார்? ஜெர்மனியில் ஹில்பர்ட் என்னும் பேரறிஞர், கணிதத்தில் முரண்பாடு தோன்றாது என்பதை முடிவுள்ள வழிகளாலேயே நிறுவிக் காட்ட வேண்டும் என்று ஒரு பெருந்திட்டம் வகுத்திருந்தார். எர்பிரான் அத்திட்டத்தை உளமார ஏற்றவர். எல்லாம் என்ற சொல்லை அவர் மிகக் குறுக்கியே வழங்கினார். ஒரு செய்தி எல்லா எண்களுக்கும் பொருந்தும் என்றால், ஏதேனும் ஓர் எண்ணை எடுத்துக் கொடுத்தால் அந்த எண்ணுக்கு அதனை மெய்ப்பிக்க வழி கையில் இருக்கிறது என்பதே அதன் பொருள். எண்கள் அனைத்தும் ஓரிடத்தில் குவிந்து கிடப்பதாக எண்ணிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. இதுவே அவர் கொள்கை.

இக்கொள்கையோடு அவர் கண்ட தேற்றம் இது. விடுதியில் இருப்போர் எல்லாரும் உணவுக் கட்டணம் செலுத்தியவர் என்பது ஒரு கூற்று. முருகன் விடுதியில் இருக்கிறான் என்பது மற்றொன்று. முருகன் கட்டணம் செலுத்தவில்லை என்பது மூன்றாவது. மூன்றும் சேர்ந்து நிற்கமாட்டா. இதனைக் காண விடுதி முழுதும் சுற்ற வேண்டுமா? வேண்டியதில்லை. எல்லாரும் என்ற இடத்தில் முருகன் என்ற ஒரே பெயரை இட்டுப் பார்த்தால் போதும், முரண்பாடு வெளிப்பட்டுவிடும். எடுத்துக்காட்டு எளியது, எர்பிரான் நிறுவியதோ பொது உண்மை. கூற்றுகள் எவ்வளவு சிக்கலாக இருப்பினும், அவற்றில் முரண்பாடு இருக்குமானால், அது பெயர்களை இட்டுப் பெற்ற ஒரு சில கூற்றுகளிலேயே, எண்ணி முடிக்கத்தக்க ஒரு தொகுதியிலேயே, வெளிப்பட்டே தீரும். அதற்கு வெளியுலகப் பொருள்கள் தேவையில்லை. கூற்றுகளில் வரும் பெயர்களும், அப்பெயர்களிலிருந்து மேலும் பெயர்களை ஆக்கிக்கொள்ளும் சொற்களும் போதும். அந்தப் பெயர்க் கூட்டத்திற்குத்தான் எர்பிரான் உலகம் என்று பிற்காலத்தார் பெயர் சூட்டினர்.

ஒரு குறை உண்டு. முரண்பாடு இருந்தால் என்றேனும் அகப்படும். இல்லையென்றால்? தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இல்லை என்று உறுதி சொல்லும் நாள் வாராமலே போகலாம்.

1930 அக்டோபரில் ராக்பெல்லர் நிறுவனத்தின் உதவித் தொகை பெற்று எர்பிரான் ஜெர்மனி சென்றார். பெர்லினில் வான் நியூமன், ஹாம்பர்கில் எமில் ஆர்ட்டின், கெட்டிங்கனில் எம்மி நேத்தர் அம்மையார் என்று மூன்று ஊர்களில் மூன்று ஆசான்கள். அந்த ஆண்டில் இவர்களைக் காட்டிலும் சிறந்த மூவரை உலகில் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. ஆர்ட்டினிடமும் நேத்தரிடமும் அவர் நாடிச் சென்றது தருக்கத்திற்காக அன்று, எண் கோட்பாட்டிற்காக. அத்துறையிலும் எர்பிரான் ஈவு என்றும், வட்டப் பகுப்பு எண் களங்கள் பற்றிய எர்பிரான் தேற்றம் என்றும் அவர் பெயர் நிலைத்திருக்கிறது. அத்தேற்றத்தின் மறுதலை உண்மையே என்பதை 1976இல் கென்னத் ரிபெட் நிறுவினார். இடையே நாற்பத்து நான்கு ஆண்டுகள்.

பெர்லினில் இருந்தபோது வான் நியூமன் வாயிலாக ஒரு செய்தி அவர் காதுக்கு எட்டியது. வியன்னாவில் கர்ட் கோடெல் என்ற இளைஞர், எண் கணிதம் தன் முரண்பாடின்மையைத் தன்னுடைய கருவிகளாலேயே நிறுவிக்கொள்ள இயலாது என்று காட்டிவிட்டாராம். ஹில்பர்ட் திட்டத்தில் நம்பிக்கை வைத்தவருக்கு இது இடிபோன்ற செய்தி. எர்பிரான் ஊடவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை. கோடெலின் கட்டுரையை வாங்கிப் படித்தார். 1931 ஏப்ரல் 7ஆம் நாள் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். இயந்திர முறையில் கணக்கிடத்தக்க சார்புகள் எவை என்பதை வரையறுக்க அதில் ஒரு வழி சொல்லியிருந்தார். கோடெலின் மறுமொழி உடனே வரவில்லை.

எண் கணிதத்தின் முரண்பாடின்மை பற்றி எர்பிரான் எழுதிய கடைசிக் கட்டுரை 1931 ஜூலை 14ஆம் நாள் தேதியிட்டது. கோடெல் மறுமொழி எழுதியது ஜூலை 25. ஜூலை 27ஆம் நாள், ஆல்ப்சு மலைத்தொடரில் லா பெரார்து என்னும் ஊருக்கு அருகே, நண்பர்களோடு மலையேறச் சென்றிருந்த எர்பிரான் தவறி விழுந்து இறந்தார். கடிதம் புறப்பட்டு இரண்டே நாள்.

அவர் வாழ்ந்திருந்தால் என்னென்ன செய்திருப்பார் என்று இத்தகைய கட்டுரைகளில் எழுதுவது வழக்கம். எனக்கு அதில் மனம் செல்லவில்லை. செய்தது என்ன, அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதே போதிய வியப்பைத் தருகிறது.

அவர் ஏட்டில் பிழையும் இருந்தது. தேற்றம் சரி, அதற்குப் போகும் வழியில் வைத்த ஒரு துணைத் தேற்றம் தவறு. கோடெல் 1940களிலேயே தம் குறிப்பேட்டில் இதைக் கண்டு வைத்திருந்தார், வெளியே சொல்லவில்லை. 1963இல் பர்ட்டன் டிரெபனும் அவருடன் உழைத்த இருவரும் அதை வெளியிட்டனர். 1966இல் டிரெபனும் டென்டனும் வழியைச் செப்பனிட்டுத் தந்தனர். இருபத்தொரு வயதினர் தனியே கட்டிய பாலத்தில் ஒரு பலகை உளுத்திருந்தது; பாலம் விழவில்லை.

இதற்கிடையே கணிப்பொறி வந்துவிட்டது. 1960இல் பால் கில்மோர் என்பவர் ஐ.பி.எம். இயந்திரத்தில் எர்பிரான் வழியை அப்படியே நடத்திப் பார்த்தார். பெயர்களை ஒவ்வொன்றாக இட்டு, கூற்றுகளைக் குவித்து, முரண்பாடு உண்டா என்று பார்ப்பதே முறை. சிறு கணக்குகளுக்கே கூற்றுகள் மலைபோல் குவிந்தன, இயந்திரம் திணறியது. எந்தப் பெயரை இடுவது என்று அறியாமல் எல்லாவற்றையும் இட்டால் வேறென்ன ஆகும்? இரண்டு கூற்றுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, அவை பொருந்துவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் இட்டால் போதும் என்று 1965இல் ஆலன் ராபின்சன் காட்டினார். இந்தப் பொருத்தும் முறைக்கு ஒருமிப்பு என்று சொல்லலாம். வேடிக்கை என்னவென்றால், அதன் வித்தும் 1929ஆம் ஆண்டு ஏட்டிலேயே, பலரும் புரட்டாத ஒரு பக்கத்தில், கிடந்தது.

அந்த ஒருமிப்பைக் கொண்டு 1972இல் மார்சேய் நகரில் அலேன் கோல்மரோவேரும் தோழர்களும், எடின்பரோவிலிருந்த ராபர்ட் கோவால்ஸ்கியோடு கலந்து, புரோலாக் என்னும் மொழியை உருவாக்கினார்கள். அதில் நாம் இயந்திரத்திற்கு வேலை ஏவுவதில்லை. நமக்குத் தெரிந்த உண்மைகளை எழுதி வைக்கிறோம், பிறகு கேட்கிறோம். எர்பிரானின் கடைசி ஆண்டையே அதில் எழுதி வைப்போமே:

பயின்றார்(பெர்லின், வான்_நியூமன்).
பயின்றார்(ஹாம்பர்க், ஆர்ட்டின்).
பயின்றார்(கெட்டிங்கன், நேத்தர்).

நூலகத்தில் அட்டைப் பெட்டி பார்த்திருப்பீர்கள். ஒவ்வோர் உண்மையும் ஓர் அட்டை. எந்த ஊரில் பயின்றார் என்று கேட்டால் இயந்திரம் முதல் அட்டையோடு நம் கேள்வியை ஒருமித்துப் பெர்லின் என்று சொல்லி நின்றுவிடும். வேறு உண்டா என்று மீண்டும் கேட்டால் ஓரடி பின்வாங்கி இரண்டாம் அட்டைக்குப் போகும். ஹாம்பர்க் என்று சொல்லும். ஆனால் பின்வாங்கும்போதே பெர்லினை மறந்துவிடும்! அதன் இயல்பு அப்படி. ஒரு விடையைக் கைவிட்டால்தான் அடுத்த விடை அதன் கைக்கு வரும். மூன்று ஊர்களையும் ஒருங்கே ஒரு பட்டியலாகத் தா என்றால், பழைய நாளில் நிரல் எழுதுவோர் படாத பாடு பட்டார்கள். கிடைத்த ஒவ்வொரு விடையையும் புதியதோர் உண்மை போலப் பெட்டியில் எழுதிப் போட்டுவிட்டு, எல்லாம் முடிந்தபின் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்து, எழுதியதை அழிப்பார்கள்.

இந்த வேலையை மொழியே செய்யும்படி ஃபைண்ட்-ஆல் என்னும் கட்டளை அமைந்தது. எதைச் சேர்க்க வேண்டும், எந்தக் கேள்விக்கு விடையாக, எந்தப் பட்டியலில் என்ற மூன்றும் சொன்னால் போதும். பின்வாங்குமுன் ஒவ்வொரு விடைக்கும் ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டு, இனி விடை இல்லை என்றானதும் பட்டியலை நீட்டும். பெட்டியில் இருந்த வரிசைப்படியே பெர்லின், ஹாம்பர்க், கெட்டிங்கன் என்று வரும். ஒரே ஊர் இரண்டு அட்டையில் இருந்தால் இரண்டு முறை வரும். அவ்வாறு வேண்டாம், அடுக்கிச் சுருக்கித் தா என்பார்க்கு செட்-ஆஃப் உண்டு.

இடையே பேக்-ஆஃப் என்று ஒன்று உண்டு. அதில்தான் புதியவர்கள் கால் இடறுவார்கள். ஊர்களைத் தொகு என்று சொல்லி, ஆசிரியர் யாராயினும் ஆகுக என்பதைத் தனியே குறிக்காவிட்டால், அது ஆசிரியர்க்கு ஒரு கட்டாகப் பிரித்து, ஒவ்வோர் ஊர் கொண்ட மூன்று பட்டியல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கும். கேட்டது ஒன்று, கிடைத்தது மூன்று என்று மாணவர் விழிப்பார். இன்னொரு வேறுபாடும் உண்டு. எர்பிரான் ஸ்தானிஸ்லாவ் என்பவரிடம் பயின்ற ஊர்கள் எவை என்று இல்லாத ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். ஃபைண்ட்-ஆல் வெறும் பட்டியலைத் தந்து, வேலை முடிந்தது என்னும். பேக்-ஆஃப் இல்லை என்று சொல்லித் தோற்கும். எனக்கு இவ்விடத்தில் பேக்-ஆஃபின் நடையே பிடித்திருக்கிறது. வெறுங்கையை நீட்டிவிட்டு இதோ எல்லாம் என்பதைவிட, இல்லை என்பது நேர்மையாகப் படுகிறது. கணக்கு எழுதுவோர் மறுப்பார்கள். அவர்களுக்கு வெறும் பட்டியலின் நீளமாகிய சுழியமும் வேண்டியதாகும்.

இந்த எல்லாம் என்ற சொல் என்ன பொருளில் வருகிறது என்று நோக்க வேண்டும். ஹாம்பர்க் அட்டையை எழுத மறந்திருந்தால், இயந்திரம் இரண்டே ஊர்களைத் தந்து, எல்லாம் தந்துவிட்டேன் என்று அமைதியாக இருக்கும். உலகில் உள்ளவை அனைத்தும் என்று அது சொல்லவில்லை. எழுதி வைத்தவற்றிலிருந்து நிறுவத்தக்கவை அனைத்தும் என்றே சொல்கிறது. 1976இல் வான் எம்டனும் கோவால்ஸ்கியும் இதற்கு இலக்கணம் வகுத்தார்கள். இத்தகைய நிரல் ஒன்றுக்கு ஒப்பத் தகுந்த உலகங்கள் பலவற்றுள் மிகச் சிறியது ஒன்று உண்டு. நிரலிலிருந்து நிறுவப்படுவன எவையோ அவை மட்டுமே அதில் மெய். அதன் பெயர் மீச்சிறு எர்பிரான் மாதிரி.

பெயர்கள் பெயர்களை ஈனத் தொடங்கினால் அந்தச் சிறிய உலகமும் முடிவற்றதாகிவிடும். சுழியம் ஓர் எண். ஓர் எண்ணுக்கு அடுத்ததும் எண் என்று இரண்டு வரி எழுதுங்கள். ஏதேனும் ஓர் எண் தா என்றால் தரும். இன்னொன்று என்றால் அடுத்ததைத் தரும். சலிக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கலாம். எண்கள் எல்லாவற்றையும் பட்டியலாகத் தா என்று ஃபைண்ட்-ஆலிடம் கேட்டால் அது திரும்பி வரவே வராது. நினைவகம் நிறையும்வரை சேர்த்துக்கொண்டிருந்து, கடைசியில் பிழைச் செய்தி காட்டி நிற்கும். ஒவ்வொன்றும் கையில் கிடைக்கும், அனைத்தும் ஒருங்கே கிடையா என்று எர்பிரான் வரையறுத்தது இதைத்தான். ஆய்வுக்கூடத்தில் அந்த இரண்டு வரியை நீங்களே எழுதிப் பார்க்கலாம். பிறர் வேலை செய்யும் இயந்திரத்தில் மட்டும் வேண்டாம்.

அவர் பெயரால் 1992 முதல், இயந்திர நிறுவல் துறையில் சிறந்த அறிஞர்க்கு எர்பிரான் விருது வழங்கப்பட்டு வருகிறது. முதல் விருது லாரி வாசுக்கு, 1996இல் ராபின்சனுக்கு. அவருடைய தருக்க எழுத்துகள் 1968இல் பிரெஞ்சிலும் 1971இல் ஆங்கிலத்திலும் தொகுப்பாக வந்தன. எங்கள் நூலகத்தில் தேடுவோர் அவற்றைத் தருக்கப் பிரிவில் தேட வேண்டும். கணிப்பொறிப் பிரிவில் தேடினால் கிடைக்காது.

கோடெலுக்கு எழுதிய கடிதத்தின் கதை எஞ்சியிருக்கிறது. 1934இல் கோடெல் பிரின்ஸ்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், கணக்கிடத்தக்க சார்புகளுக்கான பொது வரையறையைத் தந்தபோது, அதற்கு மூலம் எர்பிரான் கடிதத்தில் சொன்ன கருத்தே என்று குறித்தார். இரண்டாண்டு கழித்து டூரிங் தம் இயந்திரத்தைப் பற்றி எழுதினார். இரு வழிகளும் ஒரே சார்புகளையே தருகின்றன என்பது பின்னர் உறுதியாயிற்று. கடிதம் மட்டும் அகப்படவில்லை. அதில் என்ன இருந்தது என்று 1960களில் ஆய்வாளர் கேட்டபோது, கோடெல் தம் நினைவிலிருந்தே விடை சொன்னார். கணக்கிடும் வழி கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அக்கடிதத்தில் இல்லை என்பது அவர் நினைவு. 1978இல் கோடெல் இறந்தார். அவர் விட்டுச் சென்ற தாள்களை வகைப்படுத்திப் பட்டியலிட்ட ஜான் டாசன், 1986இல் அவற்றினிடையே அக்கடிதத்தைக் கண்டெடுத்தார். அந்த நிபந்தனை அதில் எழுதப்பட்டிருந்தது.